வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் என் கிட்னி

கூலாய்,
செவ்வாய்க்கிழமை காலை.

இயேசுவின் திரு இருதயத்தில் அன்புள்ள தம்பி பெர்னார்ட்டுக்கு, உன் அக்கா கெர்ட்ரூட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். என்னிடம் மீதி இருக்கும் ஒரு கிட்னியும் சுகம். யோங் பெங்கில் உன் வயிற்றுக்குள் குடியிருக்கும் என் இன்னொரு கிட்னியின் சுகத்தை இக்கடிதத்தின் வழியாக விசாரிக்கிறேன். உன் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஸ்டெஃபனிக்கு என் அன்பைச் சொல். உன்னைக் கட்டிக்கொண்டு அவள் படுகிற பாட்டுக்கு என் அனுதாபத்தையும் சேர்த்துச் சொல்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? போனில் நான் குரலை உயர்த்தினால் உடனே, "லைன் கிளியரா இல்லக்கா" என்கிறாய். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருப்பவரோடு ஒரு மணி நேரம் கோயில் பாட்டுப் பயிற்சி பற்றிப் பேசும்போது மட்டும் அந்த லைன் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் மூச்சு வாங்கப் பேசி அனுப்பினால், அதைக் கேட்காமலே ரோஜாப்பூ படம் ஒன்றும் கூப்பிய கை ஒன்றும் திருப்பி அனுப்புகிறாய். என்னிடம் இருக்கிற ரோஜாப்பூ படங்களை வைத்து ஒரு பூக்கடை போடலாம். காகிதத்தில் லைன் அறுந்து போகாது. இதை நீ கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். வாசுகி வந்தாள். யாரென்று உனக்குத் தெரியும், உங்கள் தாமானில் இருக்கும் லெட்சுமணனின் தங்கை, இங்கே கூலாயில் வாக்கப்பட்டவள். வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். "அக்கா, ஒங்க தம்பிக்கு ரொம்பப் பெரிய மனசுக்கா. எங்கண்ணன் மகளுக்கு அம்மை போட்டிருக்கு. கேட்டுல வேப்பிலை கட்டியாச்சு. தாமான்ல ஒருத்தரும் எட்டிப் பாக்கல. கேஸ் கொண்டு வர்ற அங்கிள் கூட சிலிண்டர் தொம்ப வெளியவே வச்சிட்டு, காசு அப்புறம் வாங்கிக்கிறேன்னு போய்ட்டாரு. ஞாயித்துக்கிழமை ஒங்க தம்பி மட்டும் உள்ள வந்து, புள்ள தலையில கை வச்சு, ரொம்ப நேரம் ஜெபம் பண்ணிட்டுப் போனாரு லா. யாருக்கா வருவா இந்தக் காலத்துல?" என்றாள். என் கையிலிருந்த மீன் பை கீழே விழுந்தது. "என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "எனக்கு ஒண்ணுமில்லம்மா. என் கிட்னிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, மீனையும் எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தவுடன் உனக்குப் போன் செய்தேன். எடுத்தாய். "லெட்சுமணன் வீட்டுக்குள்ள போனியா?" என்று கேட்டேன். லைன் கிளியராக இல்லை என்றாய். ஜோகூர் பாரு கிளினிக்குக்குப் போன் செய்தேன். உன் விஷயங்களைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் சுபத்திரா வார்டில் இருக்கிறாராம், வந்ததும் கூப்பிடச் சொல்கிறோம் என்றார்கள். அவர் கூப்பிடும் வரை சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். ஒரு கிட்னியோடு இருக்கிறவளுக்கு ரத்த அழுத்தம் ஏறக் கூடாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு ஞாபகமறதி அதிகம் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். கோலாலம்பூரில் ஆபரேஷனுக்கு முன்னால் நம் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார்களா இல்லையா? உன் உடம்பு என் கிட்னியை யாரோ வெளியாள் என்று நினைத்து விரட்டப் பார்க்கும், அதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கி வைப்போம், ஆயுசு முழுக்க அடக்கி வைப்போம் என்றார்கள். இங்கே ஜோகூர் பாரு கிளினிக்குக்கு நாம் வந்த பிறகு சுபத்திரா அதையே உனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "அண்ணே, ஒங்க தாமான் கேட்டக் காக்குற ஜாகாவுக்கு நாங்களே தூக்க மாத்திரை குடுத்திருக்கோம். அவரு தூங்குறாரு. அப்ப கேட்ட யாரு சாத்தணும்? நீங்கதான் சாத்தணும்." நீ தலையை ஆட்டினாய். நல்லாப் புரிஞ்சிச்சு சிஸ்டர் என்றாய். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், வரும் ஞாயிற்றுக்கிழமை பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த சி.எம்.வி. வைரஸ் விவகாரத்தையும் நான் மறக்கவில்லை. கிட்னி கொடுத்தவருக்கு அந்த வைரஸ் பாசிட்டிவ், வாங்கியவருக்கு நெகட்டிவ் என்று டாக்டர் சொன்னதும் நீயும் ஸ்டெஃபனியும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஸ்டெஃபனி என் காதோரம் வந்து, "அண்ணி, எங்க போயி புடிச்சீங்க?" என்று கேட்டாள். ஐம்பத்தொன்பது வயதில், விதவைக்கு, ஆஸ்பத்திரி நடைபாதையில் கேட்கிற கேள்வியா அது? சுபத்திராதான் பொறுமையாக விளக்கினார். பெரியவர்கள் நிறையப் பேர் உடம்பில் அது சத்தமில்லாமல் படுத்துக் கிடக்கும், நல்ல எதிர்ப்புச் சக்தி இருக்கிறவரை ஒன்றும் செய்யாது, எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்புக்குள் போனால்தான் எழுந்து ஆட்டம் போடும், அதனால் முன்கூட்டியே தடுக்க சில மாதங்களுக்கு தினமும் மாத்திரை என்றார். நீ அதில் பாதியைத்தான் காதில் வாங்கினாய். வீட்டு ஜெபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டத்தில், "அக்கா கிட்னியும் குடுத்தாங்க, வைரஸும் குடுத்தாங்க" என்று சிரித்துக்கொண்டே சாட்சி சொன்னாய். அடுத்த வாரம் கோயிலில் நான் உட்கார்ந்த பெஞ்சில் பாதி காலியாகக் கிடந்தது. சமாதான வாழ்த்துக்கு என் பக்கம் கையை நீட்டிய பெண்மணி பாதியில் யோசித்து, கும்பிட்டு நிறுத்திக்கொண்டார். உறுப்பு தானம் செய்தவளுக்கு நம் சனங்கள் காட்டிய மரியாதை அது.

சரி, அதையும் பொறுத்தேன். நன்றிப் பூசை வைத்தாய். பூசைக்குப் பிறகு மைக்கைப் பிடித்தாய். உன் கையில் மைக் கிடைத்தால் நான் எப்போதுமே வயிற்றைப் பிடித்துக்கொள்வேன், அன்றைக்குத் தையல் போட்ட வயிறு வேறு. "ஆண்டவர் எனக்குப் புது கிட்னி குடுத்தாரு. அதுக்கு நன்றியா, வாரத்துக்கு ஒரு நோயாளிய நேர்ல போயி பாத்து செபம் பண்ணுவேன்னு நேர்ச்சை வச்சிருக்கேன்" என்றாய். கோயிலே கை தட்டியது. நான் மட்டும் தட்டவில்லை. ஆண்டவர் கொடுத்தார், சரி. யார் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் மைக் தேய்ந்து போகுமா? அதுகூடப் போகட்டும். மனிதர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொள்கிறார்கள். முட்டி போட்டு நடப்பதாக, மாமிசம் சாப்பிடாமல் இருப்பதாக நேர்ந்துகொள்கிறார்கள். மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்திருந்தால் உனக்குச் செலவுமில்லை, மழிக்க உன் தலையில் முடியும் இல்லை. எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கிற ஒரு மனிதன், கிருமி எங்கெங்கே இருக்கிறதோ அங்கங்கே தேடிப் போய் உட்காருவேன் என்று நேர்ந்துகொண்டதை நான் கேள்விப்பட்டதே இல்லை. எந்தப் புனிதரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

முதல் விஜயம் உலு திராம். நம் எஸ்டேட்டில் கூட இருந்த வேலு காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று கேட்டு, ஓடினாய். முகக்கவசம் போட்டாயா என்று கேட்டதற்கு, போட்டேன் என்றாய். போட்டோவைப் பார்த்தால் அது தாடைக்குக் கீழே தொங்குகிறது. பாட்டுப் பாடும்போது மூச்சு முட்டியதாம். அந்த வருஷத்து ஃபுளூ ஊசியை நானும் ஸ்டெஃபனியும் போட்டுக்கொண்டோம், உனக்காகத்தான் போட்டுக்கொண்டோம். நாங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காகக் கையை வீங்க வைத்துக்கொண்டோம். நீ பாட்டுப் பயிற்சி இருக்கிறதென்று உன் ஊசியைத் தள்ளிப் போட்டிருந்தாய். அந்த வாரமே வேலுவுக்கு வந்தது உனக்கும் வந்து, கிட்னி தடுமாறி, ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறி, வார்டில் படுத்தாய். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் முகக்கவசத்தோடு உட்கார்ந்து நான் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் இறங்கி நீ கண்ணைத் திறந்தாய். அக்கா என்று கூப்பிடுவாய் என்று குனிந்தேன். "பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன வியாதிக்கா? இங்கயே செபம் பண்ணிட்டா இந்த வாரத்து விசிட் கணக்குல சேந்துடும்" என்றாய். அன்றைக்கு உன் கழுத்தை நெரிக்காமல் விட்டது நர்ஸ்கள் நின்றுகொண்டிருந்த காரணத்தால்தான்.

அதற்குப் பிறகுதான் உன்னை ஃபாதர் ஷானிடம் இழுத்துக்கொண்டு போனேன். பாவம், நல்ல மனிதர். உன் கதையைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெர்னார்ட், நேர்ச்சைய மாத்திக் குடுக்குற அதிகாரம் எனக்கு இருக்கு. மாத்திட்டேன். இனிமே நோயாளிங்க வீட்டுக்குப் போகாதீங்க. ஒங்க வீட்டுல இருந்தே அவங்களுக்காக செபம் பண்ணுங்க. அது போதும்" என்றார். நீ தலையைக் குனிந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டாய். எனக்கு நிம்மதியாக இருந்தது. சோறு இறங்கியது. அந்த மாதிரி நிம்மதியாக இருக்கும்போதெல்லாம் நீ ஏதோ செய்துகொண்டிருக்கிறாய் என்று எனக்கு இத்தனை வயதில் தெரிந்திருக்க வேண்டும்.

செபமாலை மாதத்தில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் உன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்புக்கு மேல் செருப்பு. உள்ளே ஜன்னலைச் சாத்தி ஏர்கான் போட்டு, அந்த மாவட்டத்தில் இருமத் தெரிந்த அத்தனை பேரையும் உட்கார வைத்திருந்தாய். தோளில் அக்கி வந்து, அது ஆறுவதற்காகக் காவியில் சிங்கம் எழுதிக்கொண்ட ஒரு பெரியவர் உனக்குப் பக்கத்துச் சோபாவில். அந்த அக்கியும் அம்மையும் ஒரே வைரஸ், அந்தக் கொப்புளத்தைத் தொட்டாலே உன்னைப் போன்றவனுக்கு ஒட்டும் என்று சுபத்திரா சொன்னபோது, நீ எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாயோ தெரியாது. நடுவில், வீடு வீடாகப் போகிற மாதா சுரூபம். ஒவ்வொருவராக எழுந்து, இருமிவிட்டு, மாதாவின் பாதத்தில் முத்தம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் என்கிற முறையில் கடைசி முத்தம் உன்னுடையதாம். "என்னடா இது, ஃபாதர் என்ன சொன்னாரு?" என்று உன்னைச் சமையலறைக்கு இழுத்துக் கேட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னாய். "நோயாளிங்க வீட்டுக்குப் போகாதீங்கன்னாரு. போகல. ஒங்க வீட்டுல இருந்தே செபம் பண்ணுங்கன்னாரு. வீட்டுலதானே இருக்கேன்?" ஃபாதர் ஷான் வேத சாஸ்திரம் படிக்க ரோமாபுரி வரைக்கும் போனவர். அவர் வார்த்தையில் இப்படி ஒரு சந்து இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நான் வேலை பார்த்தது செனாயில், மின்னணுச் சில்லு செய்கிற ஃபேக்டரியில், தூசி புகாத அறையில். தலைக்கு உறை, காலுக்கு உறை, கைக்கு உறை, கண்ணைத் தவிர எல்லாவற்றுக்கும் உறை. ஒரு பொட்டுத் தூசி விழுந்தால் ஒரு தட்டுச் சாமான் முழுவதும் குப்பைக்குப் போகும். அப்படிப் பழகிய கை என்னுடையது. நான் என்ன செய்தேன், பையிலிருந்து ஸ்பிரிட் போத்தலையும் டிஷ்யூவையும் எடுத்து, ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் மாதாவின் பாதத்தைத் துடைத்தேன். மரியாதையாகத்தான் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மாதாவின் பெருவிரல் வர்ணம் டிஷ்யூவோடு வந்துவிட்டது. அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே செய்தி நெடுஞ்சாலையில் எனக்கு முன்னால் ஓடிக் கூலாய் வந்து சேர்ந்தது. இன்றைக்கு வரைக்கும் இந்தக் கோயிலில் நான் மாதா காலை அழித்த கெர்ட்ரூட். நீயோ, நோயாளிகளுக்கு வீட்டைத் திறந்துவிட்ட பெர்னார்ட். வர்ணத்துக்கு நான் காசு கொடுத்துவிட்டேன். மாதா என்னைக் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள் என்பது என் நம்பிக்கை. பிள்ளைக்காகத் துடிப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபடி ஃபாதர். மறுபடி வாக்குறுதி. இந்தத் தடவை சந்து எதுவும் இருக்கக் கூடாது என்று நானே பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வைத்தேன். நோயாளி வீட்டுக்கு நான் போக மாட்டேன், நோயாளி என் வீட்டுக்கு வர மாட்டார், நடுவில் மூன்றாவது வீட்டில் சந்திக்க மாட்டோம். ஃபாதர் ஷான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். உன்னிடம் லைன் போய்விட்டதால் ஸ்டெஃபனியைக் கூப்பிட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள். "கேட்டுகிட்டயே கையப் புடிச்சு இழுத்தேன் அண்ணி. வேப்பிலை கட்டியிருக்குங்க, உள்ள போகாதீங்கன்னேன். அதுக்கு அவரு, வேப்பிலைக்குப் பயந்து நின்னா நாம என்ன வேதக்காரங்க, அது அவங்க நம்பிக்கை, நம்ம நம்பிக்கை வேறன்னாரு. அப்ப ஃபாதர்கிட்ட குடுத்த வாக்கு என்னாச்சுன்னு கேட்டேன். அம்மை நோயில்ல ஸ்டெஃபனி, அவங்க வீட்டுல ஆத்தா வந்திருக்குன்னுதான் சொல்றாங்க, அதனால இது நோயாளிய பாக்குற கணக்குல வராதுன்னு சொல்லிட்டு, செருப்பக் கழட்டி வச்சிட்டுப் போய்ட்டாரு."

இதைக் கேட்டு நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். பெர்னார்ட், ஒரே வாயில் எப்படியடா இரண்டையும் சொன்னாய்? கேட்டுக்கு வெளியே நிற்கும்போது அவர்கள் நம்பிக்கை உன்னைக் கட்டுப்படுத்தாது. வாக்கை மீற வேண்டும் என்றதும் அதே நம்பிக்கை உனக்குச் சாட்சி. லெட்சுமணன் வீட்டு வேப்பிலை உன் விசுவாசத்தைச் சோதிக்கக் கட்டியது இல்லை. உள்ளே தொற்று இருக்கிறது, வராதே என்பதற்குக் கட்டியது. அதைப் பார்த்து அந்தத் தாமானில் இந்துக்கள் நின்றார்கள், கேஸ் கொண்டுவரும் சீனர் நின்றார், தபால் கொண்டுவரும் மலாய்க்காரர் கடிதத்தைக் கேட்டில் சொருகிவிட்டுப் போனார். முச்சந்தியில் சிவப்பு விளக்கு எரிந்தால் அது எந்த மதத்து விளக்கு என்று கேட்டுவிட்டுத்தான் பிரேக் போடுவாயா? எனக்கு அம்மை போட்டபோது நம் அம்மா என்ன செய்தார் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது, ஏனென்றால் நீ அங்கே இல்லை. தலைமாட்டில் செபமாலையையும் கால்மாட்டில் வேப்பிலையையும் வைத்துவிட்டு, முதல் வேலையாக உன்னைத் தூக்கி உலு திராம் சித்தி வீட்டுக்கு அனுப்பினார். தினமும் பூசைக்குப் போன மனுஷி அவர். நீ என்ன அவரைவிடப் பெரிய வேதக்காரனா?

அங்கேதான் வினை. அன்றைக்கு உன்னைத் தள்ளி வைத்ததால் உனக்கு அம்மை வரவே இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் அதற்கான எதிர்ப்புச் சக்தி இல்லை என்று வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அது சின்னப் பிள்ளைகள் ஊசி, ஐம்பத்து நாலு வயது ஆம்பிளைக்கு எதற்கு என்று சொல்லி, அந்தத் தேதியில் நீ திருவிழாப் பாட்டுக்குப் போனாய். இப்போது போடலாமா என்றால் முடியாது. அந்த ஊசியில் இருப்பது உயிருள்ள வைரஸ், உன் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும்போது அதைப் போடக் கூடாது என்று சுபத்திரா முன்பே சொன்னார். பிள்ளைகளுக்கு அம்மை வந்தால் சொறிந்துகொண்டு ஒரு வாரம் கார்ட்டூன் பார்க்கும். உன்னைப் போன்றவர்களுக்கு வந்தால் நுரையீரலுக்குப் போகும், ஈரலுக்குப் போகும், மூளைக்கும் போகும் என்றார். இதைச் சொன்னபோதும் நீ அறையில்தான் இருந்தாய். எனக்குக் கேட்டது உனக்கு எப்படிக் கேட்காமல் போனது?

எனக்குப் பயமாக இருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைப்பாய், கோபம்தான். இந்தப் பக்கத்தில் பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் கிழித்துவிட்டது. ஆனால் உன்னை நினைத்து நான் கவலைப்படுகிறேன் என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதே. நீ எக்கேடு கெட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. என் கவலையெல்லாம் என் கிட்னி. அது என் உடம்பில் ஐம்பத்தொன்பது வருஷம் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. அதை உன்னிடம் நம்பி ஒப்படைத்தேன். கிட்னிக்கு வாய் இருந்தால், அக்கா, என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கதறும்.

ஆகவே இனி உனக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சுபத்திரா என்ன செய்யச் சொல்கிறாரோ, அதை நீயும் ஸ்டெஃபனியும் பார்த்துக்கொள்ளுங்கள். நீ திருந்திவிட்டாய் என்று ஃபாதர் ஷான் என்னிடம் நேரில் சொல்லும் வரை நான் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், போனும் செய்ய மாட்டேன், ஈஸ்டருக்கு நான் செய்கிற முறுக்கு உனக்கு வராது. இது முடிவு.

மாதா உன்னைத் தம் போர்வைக்குள் மூடி வைக்கட்டும், மூக்கும் வாயும் சேர்த்து மூடட்டும். உன் காவல் சம்மனசான வானதூதர் உன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே இருக்கட்டும். ஸ்டெஃபனிக்கு ஆண்டவர் பொறுமையையும், உனக்கு, அவரிடம் எஞ்சியிருந்தால், கொஞ்சம் புத்தியையும் அருளட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் ஆறாத கோபத்தில் இருக்கும்
அக்கா, கெர்ட்ரூட்.

பி.கு.: கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் சுபத்திரா கூப்பிட்டுவிட்டார். "அக்கா, இன்னிக்கே கூட்டிட்டு வாங்க. இதுக்கு வேற ஒரு ஊசி இருக்கு, இது அந்த உயிருள்ள வைரஸ் ஊசி இல்ல, இவருக்குப் போடலாம். ஆனா எவ்வளவு சீக்கிரம் போடுறோமோ அவ்வளவு நல்லது. வந்ததும் மத்த பேஷன்ட்ஸோட உக்காராதீங்க, போன் பண்ணுங்க, தனி ரூம் வச்சிருக்கேன்" என்றார். தபாலில் போட்டால் இந்தக் கடிதம் உன் கைக்கு எப்போது வரும் என்று யோசித்தேன். காரை எடுத்துவிட்டேன். இதை உன் கேட்டுக்கு வெளியே, ஸ்டியரிங்கின் மேல் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பது தெரிகிறது. ஒளியாதே. முகக்கவசத்தை மூக்குக்கு மேல் போட்டுக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார். ஜோகூர் பாரு போய்ச் சேரும் வரை இதைப் படித்துக்கொண்டு வா, பாட்டு வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்டேன் அவரிடம். கிட்னிக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று. அவர் மறைக்காமல் சொன்னார். ஊசி போட்டால் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது, ஒருவேளை அம்மை கடுமையாக வந்துவிட்டால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைக் குறைக்க வேண்டி வரலாம், அப்போது உயிர் பிழைக்கும், கிட்னி போனாலும் போகலாம் என்றார். அப்படி ஒரு நிலைமை வந்து டாக்டர் உன்னைக் கேட்டால், அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்துக்கொண்டு நிற்காதே. போகட்டும் என்று சொல்லிவிடு. மேலே எழுதியிருக்கிற எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. எனக்குக் கிட்னி இரண்டு இருந்தது. தம்பி நீ ஒருவன்தான். சீக்கிரம் வந்து காரில் ஏறு.